இருபத்திரண்டு நிமிஷம்

என் அக்காவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதல் வரியிலேயே அவள் புருஷனைத் திட்டத்தான் வருகிறது. முடிந்தவரை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். முடியாத இடங்களில் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்கு டாக்டர்கள் பேசுவதைத் தட்டச்சு செய்கிற வேலை. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பரிசோதித்து முடித்ததும் டாக்டர் ஒரு சின்னக் கருவியில் பேசி வைப்பார். இன்னாருக்கு இன்ன வலி, இன்ன மருந்து, மறுபடி என்றைக்கு வர வேண்டும் என்று. அந்தப் பேச்சு ஒரு கம்பெனி வழியாக அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். காதில் ஹெட்போன், காலுக்கடியில் ஒரு மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டுக் கேட்டு அவள் அடித்து அனுப்ப வேண்டும்.

எந்த டாக்டரின் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. குரலை வைத்தே எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தாள். எப்போதும் மூக்கடைப்போடு பேசுகிறவர் ஒருவர். எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர் ஒருவர். மூச்சு விடாமல் கொட்டித் தீர்க்கிற ஒருவருக்கு 'ரயிலைப் பிடிக்கிறவர்' என்று பெயர். ஒருநாள் அந்த ரயிலைப் பிடிக்கிறவர் அவசரத்தில் ஒரு மருந்தின் அளவைப் பத்து மடங்காகச் சொல்லிவிட்டார். அக்கா அதை அடிக்காமல் நிறுத்தி, மேற்பார்வை பார்க்கிற அம்மாளுக்குத் தகவல் அனுப்பி, அவர் டாக்டரைப் பிடித்துக் கேட்டு, அளவு திருத்தப்பட்டது. யாரோ ஒரு நோயாளி தப்பித்தார். இதை வீட்டில் ஒருத்தரிடமும் அவள் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து வேறு ஏதோ பேச்சில் எனக்குத் தெரிய வந்தபோது, "இதுல என்னடி இருக்கு, அது வேலைதானே" என்று முடித்துவிட்டாள்.

இந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. அதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு கிளினிக்கின் முன்மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளினிக்கை மூடினார்கள். முப்பத்தெட்டு வயதில், தன் வயதில் பாதி இருக்கிற பெண்களோடு போட்டி போட்டுக் கம்பெனிப் பரீட்சை எழுதி, இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவை தேறினாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் பழைய பெட்டிகளைப் போட்டு வைத்திருந்த அறையை அவளே ஒழித்து, ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக்கொண்டாள். அந்த அறைக்குக் கதவு உண்டு. ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "ஏழு மணிக்கு ஹெட்போனை மாட்டினா பன்னெண்டு மணி வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்கடி. உப்பு எங்க, சாக்ஸ் எங்கன்னு ஒரு குரல் கேக்காது. அந்த அஞ்சு மணி நேரம் நான் நானா இருக்கேன்." அந்த அஞ்சு மணி நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

கம்பெனியின் சட்டம் இப்படி. காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைந்திருக்க வேண்டும். முந்தின நாள் சேர்ந்த பேச்சுகளை அப்போதுதான் பங்கு போடுவார்கள். ஏழு ஐந்தைத் தாண்டினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஒரே மாதத்தில் நாலு புள்ளி விழுந்தால் பெயர் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும், மனிதர் யாரும் எடுக்க வேண்டியதில்லை. வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழையலாமா என்றால் அதுவும் முடியாது. நோயாளிகளின் சங்கதி வெளியே போகக் கூடாது என்பதால், பதிவு செய்து வைத்த அந்த ஒரே கம்ப்யூட்டர் பெட்டியில் மட்டும்தான் திறக்கும்.

அந்தப் பெட்டி திறக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆனது.

நான் என்ன தொழில் செய்கிறேன் தெரியுமா? கம்ப்யூட்டர் ரிப்பேர்! பன்னிரண்டு வருஷமாக ஒரு சர்வீஸ் கடையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுப் பெட்டியையெல்லாம் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். கூடப்பிறந்தவள் வீட்டுப் பெட்டியில் மட்டும் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஏனென்றால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் இன்ஜினியர் இருக்கிறார்.

அவர்தான் மாமா, அக்காவின் புருஷன். ஒரு பெயின்ட் கம்பெனியின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். இருபது வருஷத்துக்கு முன் மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போய் ஒரு கம்ப்யூட்டர் சான்றிதழ் வாங்கினார். அது இன்றைக்கும் கண்ணாடி போட்டு ஹாலில் தொங்குகிறது. அக்கம்பக்கத்தில் அவரை இன்ஜினியர் என்று கூப்பிட ஆரம்பித்தது பாதி கிண்டலுக்குத்தான். அவர் முழுசாக எடுத்துக்கொண்டார். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனால் இதெல்லாம் கிடையாது என்பதற்கே ஊர் கூடிப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். எங்கிருந்தோ ஒரு புரோகிராமை இறக்குவார். ஒரு வாரம் வேகம் கூட்டுவது, மறு வாரம் குப்பை அள்ளுவது, அதற்கடுத்த வாரம் வைரஸ் பிடிப்பது. ஏற்கெனவே ஒன்று வைரஸ் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் இன்னொன்று. இவை ஒவ்வொன்றும் பெட்டியை ஆன் செய்த உடனே தானும் எழுந்துகொள்ளும். ஒரு காவல்காரன் நிற்க வேண்டிய வாசலில் பதினேழு பேர் நின்றுகொண்டு, உள்ளே வருகிறவனை ஆளாளுக்குப் பையைப் பிரித்துப் பார்த்தால் அவன் எப்போது வீட்டுக்குள் போவான்? அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒன்றையாவது எடுத்துவிடலாமா என்றால் கூடாது. இன்ஜினியர் போட்டதை எடுத்தால் இன்ஜினியரை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும்.

அணைக்காமல் அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். படுக்கப் போகும்முன் வாசல் கதவைப் பூட்டுகிற கையோடு, சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் அவர் படுப்பார். "சூடாயிடும்" என்பார். வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். ஃபிரிட்ஜ் எப்படிச் சூடாகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா என் கடைக்குப் போன் செய்தாள். அவள் எனக்குக் கடையில் இருக்கும்போது போன் செய்கிற ஆளே இல்லை. "ஒண்ணுமில்லடி, சும்மாதான்" என்று ஆரம்பித்து, ஊர்க்கதை இரண்டு பேசி, கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "புது டிஸ்க்னு ஏதோ போட்டா சீக்கிரம் திறக்கும்னு ஒருநாள் சொன்னியே, அது உங்க கடையில இருக்கா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"மூணு புள்ளி விழுந்துடுச்சு."

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு டிஸ்க்கையும் ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். மாமா பெட்டிக்கு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஏதோ ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

"வாம்மா கடைக்காரி," என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஃபுல் ஸ்கேன் போட்டிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"மாமா, இது வைரஸ் இல்ல. டிஸ்க் பழசாயிடுச்சு. அந்தச் சத்தம் கேக்குதா, டிக் டிக்குன்னு? அது போகப்போகுதுன்னு அர்த்தம். மாத்திட்டா முடிஞ்சுது."

"உங்க கடையில எல்லாத்துக்கும் மாத்து மாத்துன்னுதானே சொல்வீங்க. வியாபாரம் ஆகணுமே." சிரித்தார். "நடுவுல நிறுத்தினா எல்லாம் போயிடும்மா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதாம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது, பால்கனிக்குப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கிடைத்த அஞ்சு நிமிஷத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். தானாக எழுந்துகொள்கிற புரோகிராம்களை எண்ணினேன், பதினேழு. டிஸ்க் நூற்றுக்கு நூறு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெட்டி எப்போதெல்லாம் ஆன் ஆனது என்று அதற்குள்ளேயே ஒரு குறிப்பு இருக்கும், அதையும் திறந்தேன். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலை ஐந்து முப்பத்தொன்று. ஐந்து இருபத்தொன்பது. ஐந்து முப்பத்துமூன்று. ஐந்து முப்பது. ஓரிரு நாள் தவிர இரண்டு வருஷத்துக்கு இதே கதை.

சமையலறைக்குப் போய் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏழு மணி வேலைக்கு எதுக்கு அஞ்சரை மணிக்கு எழுந்து பெட்டியைப் போடற?"

"மெதுவாப் பேசு," என்றாள். கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இருபது நிமிஷத்துல திறந்துடும். சில நாள் பாதியில நின்னு மறுபடி முதல்லேர்ந்து வரும். அதுக்கும் சேர்த்துத்தான் முன்னாடியே போட்டு வைக்கறேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"எதுக்குடி? ஞாயித்துக்கிழமை பூரா உட்கார்ந்து அவரு ஏதோ பண்றாரு. ஏழு மணிக்கு டீ எடுத்துட்டு வந்து பாப்பாரு. திறந்து இருக்கும். 'பாத்தியா, நான் போட்ட பூஸ்டர் வேலை செய்யுது'ம்பாரு. இல்லைங்க, சரியாகலைன்னு எப்படிச் சொல்றது? முகம் வாடிடும்."

முகம் வாடிவிடுமாம். அவர் முகம் வாடாமல் இருக்க இவள் இரண்டு வருஷமாக இருட்டோடு எழுந்திருக்கிறாள். எனக்கு அவள் மேலும் வந்தது கோபம். அந்த மூன்று புள்ளி எப்படி விழுந்தது என்று கேட்டேன். ஒருநாள் அவள் பெண்ணுக்குக் காய்ச்சல், இரவெல்லாம் விழித்திருந்ததில் எழுந்தபோது ஆறே முக்கால். ஒருநாள் ஆறு ஐம்பதுக்குக் கரண்ட் போய் வந்தது. மூன்றாவது முந்தின நாள் நடந்தது. அக்கா குளிக்கப் போயிருந்தபோது மாமா ஆறு நாற்பதுக்கு எழுந்து வந்தார். பெட்டி சும்மா ஓடுகிறதே, ஆளைக் காணோமே என்று பார்த்தார். அக்கறையாக அணைத்து வைத்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அக்கா "வேண்டாம்டி, வேண்டாம்டி" என்று என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு, மாமா போன் பேசி முடித்து வந்திருந்த ஹாலுக்குப் போனேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். உங்கள் பூஸ்டரும் வேண்டாம் உங்கள் ஸ்கேனும் வேண்டாம், உங்கள் மனசு நோகக் கூடாது என்று என் அக்கா அஞ்சரைக்கு எழுந்து போடுகிறாள், அது தெரியாமல் நீங்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறீர்கள் என்றேன். அக்கா இரண்டு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு நிமிஷத்தில் நடு ஹாலில் போட்டு உடைத்தேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "சும்மா கதை விடாதே. அவ அஞ்சரைக்கு எழுந்தா அது அவ பழக்கம். நான் டைம் வச்சுப் பார்த்திருக்கேன். அஞ்சு நிமிஷத்துல திறக்கும்."

"அஞ்சா? இருபத்திரண்டு!"

"பந்தயம் கட்டுவியா?"

"கட்டறேன். நாளைக்குக் காலையில என் கண் முன்னாடி போடுங்க. ஆறரைக்கு. அஞ்சு நிமிஷத்துல திறந்தா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

"வா. வந்து பாரு. அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

அக்கா அப்போதுதான் பேசினாள். "நாளைக்குத் திங்கக்கிழமை. எனக்கு வேலை இருக்கு. இப்பவே பாருங்களேன்."

"ஸ்கேன் ஓடுதும்மா," என்றார் மாமா. "அஞ்சு நிமிஷ விஷயம், நாளைக்கு."

நானும் சொன்னேன், "இருபத்திரண்டு நிமிஷம் ஆனாலும் ஆறு ஐம்பத்திரண்டுக்குத் திறந்துடும். உனக்கு ஒரு குறையும் வராது. பயப்படாதே." அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்கே போய்விட்டேன். மாமா குளித்து, சட்டை மாற்றி, ஏதோ விருது வாங்கப் போகிறவர் போலத் தயாராக இருந்தார். கையில் போன், அதில் நேரம் எண்ணுகிற கடிகாரம். நானும் என் போனில் வைத்துக்கொண்டேன். அக்கா அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஆறரைக்கு மாமா பட்டனை அமுக்கினார்.

ஐந்து நிமிஷம் ஆனது. கறுப்புத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் சத்தமாக மூச்சு விட்டேன். பத்து நிமிஷம் ஆனது. "காலையில குளிருக்கு அப்படித்தான்," என்றார். பதினைந்து நிமிஷத்தில் படம் வந்தது, எழுத்து வரவில்லை. பதினெட்டாவது நிமிஷத்தில் ஒவ்வொரு காவல்காரனாக எழுந்து, புதுசாக ஒன்று வாங்கிப் போடச் சொல்லி ஜன்னல் ஜன்னலாகத் திறந்தான். ஆறு ஐம்பத்திரண்டுக்கு அம்பு நகர ஆரம்பித்தது. நான் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். "சொல்லுங்க இன்ஜினியர் சார். எத்தனை நிமிஷம்?"

சார் என்றது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். காது மடல் வரை சிவந்துவிட்டது.

அக்கா, "சரி, ரெண்டு பேரும் நகருங்க, நான் உட்காரணும்," என்றாள்.

"இரு இரு," என்றார் மாமா. "நேத்து ஸ்கேன் போட்டதுல அதுக்குள்ள ஒரு மாத்தம் பாக்கி இருக்கு. ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுத்தா அது சேர்ந்துடும். அப்புறம் பாரு, பறக்கும். ரெண்டே நிமிஷம்." அவர் கை மவுசின் மேல் போயிற்று.

"ஏங்க, வேண்டாங்க," என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அப்போது மணி ஆறு ஐம்பத்துநாலு. அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு ஒரு நொடி போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் கட்டிக்கொண்டு, "அமுக்குங்க. அமுக்குங்க பார்ப்போம்," என்றேன்.

அமுக்கினார்.

திரை நீலமாயிற்று. 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்று வந்தது. மூன்று சதவீதம் என்று வந்தது. ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஏழு சதவீதம். மாமா சுவர் சுவிட்சுப் பக்கம் போனார். "அதைத் தொட்டா மொத்தமும் போயிடும் மாமா!" என்று கத்தினேன். ஏழு மணிக்குப் பதினொரு சதவீதம். ஏழு ஐந்துக்கும் அதே பதினொன்று. எங்கள் இரண்டு பேர் போனிலும் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. பெட்டி கடைசியில் திறந்தபோது மணி ஏழு நாற்பது. அக்கா நடுவில் புகுந்து உட்கார்ந்து கம்பெனிப் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயர் அங்கே இல்லை.

என் அக்கா கத்தி நான் பார்த்ததில்லை. என்ன நடந்தாலும் ஒரு 'பரவாயில்லை'யில் முடித்துக்கொள்கிறவள். அன்றைக்கும் அவள் கத்தவில்லை. நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். முதலில் மாமாவிடம் பேசினாள்.

"ரெண்டு வருஷம் உங்களுக்காக அஞ்சரைக்கு எழுந்தேன். உங்களுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் மூஞ்சியைப் பாக்கணும்னு தோணலை இல்ல? வேண்டாங்கன்னு சொன்னேன். காதுல விழுந்துச்சா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது. இப்போதாவது கேட்டாளே என்று. அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நேத்தே டிஸ்க் உன் பையில இருந்துச்சு. நேத்தே ஸ்கேனை நிறுத்திட்டு மாத்தியிருக்கலாம். அவரு என்ன, உன் கையைப் பிடிச்சா கட்டிப்போட்டாரு? ஏன் மாத்தலை?"

நான் தோளில் இருந்த பையைப் பார்த்தேன்.

"நான் சொல்றேன் கேளு. உனக்கு என் வேலை முக்கியமா இல்லை. அவரு தோக்கணும், அதுதான் முக்கியம். நான் உன்கிட்ட டிஸ்க்தான் கேட்டேன், பஞ்சாயத்து கேக்கலை. மறைச்சு வச்சதை நடு ஹால்ல போட்டு உடைச்சியே, என்னைக் கேட்டியா?"

"அக்கா, நான் உனக்காகத்தான்..."

"பேசாதே. அவராவது தெரியாம அமுக்கினாரு. உனக்குத் தெரியும்டி. பன்னெண்டு வருஷமா இதே தொழில். அதை அமுக்கினா என்ன ஆகும்னு உனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அமுக்குங்கன்னு சொன்ன."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. இத்தனை பக்கம் மாமாவைத் திட்டிக்கொண்டு வந்தேனே, அந்த ஆறு ஐம்பத்துநாலை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் அவ்வளவு திட்டினேன்.

"டிஸ்க்கை எடு," என்றாள். எடுத்துக் கொடுத்தேன். "ஸ்க்ரூடிரைவர்." கொடுத்தேன். "ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. நீ வாசல்லேர்ந்து சொல்லு. கையை வைக்காதே."

தரையில் உட்கார்ந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னேன்: முதலில் இந்த ஒயரில் புது டிஸ்க்கைச் சொருகு, பழசில் இருப்பதை அப்படியே இதற்கு நகல் எடு. மூன்று மணி நேரம் ஓடியது. அந்த நேரத்தில் அவள் ஒரு வாய் டீ குடிக்கவில்லை, எங்களையும் நகரச் சொல்லவில்லை. மாமா கிடங்குக்குப் போகாமல் ஹால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நகல் முடிந்ததும் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே அப்பியிருந்த தூசியைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். பழசை எடுத்தாள், புதுசை வைத்தாள், திருகினாள். ஒரு திருகு கை தவறி மேசைக்கடியில் ஓடியது. எடுக்கலாமா என்று நான் ஒரு கால் உள்ளே வைத்தேன். பார்த்த பார்வையில் காலை எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் தானாக எழுந்துகொள்கிற பதினேழையும் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெயரைப் படித்தாள். "இது எதுக்கு?" என்று என்னைக் கேட்பாள். "வேண்டாம்" என்பேன். எடுப்பாள். ஒன்பதாவது போகும்போது மாமா ஹாலிலிருந்து, "அது நல்லதுதான்..." என்று ஆரம்பித்தார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

மதியம் ஒன்றரைக்குப் பட்டனை அமுக்கினாள். பழக்கதோஷம், நான் மனசுக்குள் எண்ணினேன். பதினெட்டு விநாடியில் திறந்தது. பந்தயத்தில் நான்தான் ஜெயித்திருந்தேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவள் அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். நான் கதவோரம் நின்றேன். மாமா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். "பதினெட்டா?" என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளே அக்கா அந்த மேற்பார்வை அம்மாளிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"ஆமாங்க மேடம், நாலாவது... தெரியுங்க, பேர் தானாப் போயிடும்னு தெரியுங்க. திரும்பப் பரீட்சை எழுதறேன். முதல்லேர்ந்து எழுதறேன், எந்தத் தேதின்னு மட்டும் சொல்லுங்க." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்கிறார்கள். அக்காவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "இல்லைங்க, சிஸ்டத்துல கோளாறு இல்லை. சிஸ்டம் நல்லா இருக்கு. கோளாறு எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேருங்க மேடம். ரெண்டு பேரையும் வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டேன், இனிமே லேட் ஆகாது."